ஈயப் பலூனும் ஈட்டிக் குரங்கும்

காவல் என்பது வலிமை மிகுதி ஒன்றனால் அமைவதன்று. மதிலின் உயரமும் அகழியின் ஆழமும் எத்துணைப் பெரியனவாயினும், வரும் பகையின் இயல்பறிந்து, அதற்கேற்ற படையை ஏற்ற இடத்தில் நிறுத்தாதவன் அரணை இழப்பான். புறப்பொருள் வெண்பாமாலை மதில் வளைத்தலை உழிஞை என்றும், மதில் காத்தலை நொச்சி என்றும் வேறு வேறு திணையாக வகுத்திருத்தலைத் தமிழ் பயில்வார் அறிவர். தாக்குவோன் கலை வேறு. காப்போன் கலை வேறு. இக்காலத்து இளைஞர் கைப்பேசியிலும் கணினியிலும் ஆடும் விளையாட்டுக்களுள் நொச்சித்திணையின்பாற் படுவதோர் இனம் உண்டு. அதனை டவர் டிஃபென்ஸ் என்பர். கோபுரக் காப்பு என நாம் வழங்கலாம். அவ்விளையாட்டிற் பகைவர்க்கு அளிக்கப்படும் தாக்குறாமை பற்றியும், கோபுரங்களிடையே இருக்கவேண்டிய சமநிலை பற்றியும் ஆடுவாரிடை நெடுநாளாக ஒரு வழக்கு நிகழ்ந்து வருகின்றது. அவ்வழக்கில் என் கருத்தை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

அறியாதார் பொருட்டு விளையாட்டின் அமைப்பைச் சிறிது கூறுவேன். திரையில் ஒரு வழி வரையப்பட்டிருக்கும். பகைவர் அதன் ஒரு முனையிற் தோன்றி, மறுமுனை நோக்கி அணியணியாக வருவர். ஆடுவோன் தன் கையிலுள்ள பணத்தைக் கொண்டு வழியோரத்தே கோபுரங்களை நிறுவுவான். அவை தாமே பகைவரைத் தாக்கும். பகை அழியுந்தோறும் பணம் சேரும்; அப்பணத்தாற் புதிய கோபுரம் வாங்கலாம்; பழையதை மேம்படுத்தலுமாம். தப்பிச் செல்லும் பகைக்கு ஏற்ப ஆடுவோனுடைய உயிர்கள் குறையும். அவை முற்றும் ஒழியின் ஆட்டம் முடியும். ஆகவே இங்குக் கைவிரைவுக்கு அத்துணைச் சிறப்பில்லை, முன்னறிவுக்கே சிறப்பு. கையிலுள்ள பணம் எப்பொழுதும் குறைவு. வேண்டுவன எப்பொழுதும் மிகுதி. எதனை முன் வாங்குவது, எதனைப் பின் வாங்குவது என்னும் ஆராய்ச்சியே ஆட்டத்தின் உயிர்நிலை.

பொதுப்படப் பேசின் கருத்துத் தெளிவுறாது. ஆதலின் ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு ஆராய்வோம். நியூசிலாந்து நாட்டு நிஞ்ஜா கிவி நிறுவனத்தார் 2007இல் புளூன்ஸ் டிடி என்னும் விளையாட்டு வரிசையைத் தொடங்கினர். அவ்வரிசையில் ஆறாம் எண் பெற்று 2018இல் வெளிவந்தது புளூன்ஸ் டிடி 6. அதன்கட் பகைவராவார் பலூன்கள், கோபுரங்களாவன குரங்குகள். கேட்ட அளவில் நகை தோன்றும். ஆயினும் அக்குரங்குகளிடத்தும் பலூன்களிடத்தும் அமைந்துள்ள ஒழுங்கு நகைத்தற்குரியதன்று.

சிவப்புப் பலூன் ஓர் அடியில் உடையும். நீலத்தினுள் சிவப்பும், பச்சையினுள் நீலமும், மஞ்சளினுள் பச்சையும், இளஞ்சிவப்பினுள் மஞ்சளும் அடங்கியிருக்கும். இந்த ஐந்தினிடை உள்ள வேறுபாடு அளவும் விரைவும் பற்றியதே. எக்குரங்கும் இவற்றை உடைக்கும். இவற்றின் மேற்பட்டனவே தாக்குறாமை பெற்றவை. கறுப்புப் பலூனைக் குண்டு வெடிப்பு ஒன்றும் செய்யாது. வெள்ளைப் பலூனைப் பனி உறைவிக்காது. வரிக்குதிரைப் பலூனுக்கு இவ்விரண்டு விலக்கும் உண்டு. ஊதாப் பலூனை நெருப்பும் மந்திர ஒளியும் பிளாஸ்மாவும் தீண்டா. ஈயப் பலூனைக் கூரிய படைகள் துளையா. மறைவுப் பலூனோ, காணும் ஆற்றல் பெறாத குரங்கின் கண்ணுக்கே புலப்படாது.

இவை பற்றி இருசாரார் இருவகையாகக் கூறுவர். ஒருசாரார், "யான் வருந்திச் சேர்த்த பணத்தால் நிறுவிய கோபுரம் ஒரு நிறத்தின் முன் செயலற்று நிற்பது என்ன நீதி? தாக்குறாமை முழுதையும் நீக்கிவிடுக, வலிமையும் எண்ணிக்கையுமே வெற்றியை உறுதி செய்க" என்பர். மற்றொரு சாரார், "விலக்குக்கள் இருந்துபோகட்டும், ஆனால் ஒவ்வொரு கோபுரமும் தக்க மேம்பாடு பெற்றபின் எல்லாப் பகையையும் தானே வெல்லுமாறு செய்க, அதுவே சமநிலை" என்பர். இருவர் கூற்றும் முதற்கட் கேட்போர்க்கு நியாயமாகவே தோன்றும். ஆயினும் இரண்டும் ஒரே இடத்திற்கு நம்மைக் கொண்டு செல்வன. அஃதாவது, எக்கோபுரத்தை வாங்கினும் ஒன்றே என்னும் நிலை. அந்நிலையில் ஆடுவோனுக்குத் தெரிவு என்பது இல்லை, விலைப்பட்டியலே உண்டு.

ஈயப் பலூனை நோக்குக. ஈட்டியெறியும் குரங்கு இவ்விளையாட்டில் விலை மிகக் குறைந்த கோபுரங்களுள் ஒன்று. மேம்பாடு பெறாத ஈட்டிக் குரங்குகள் நூறு நிற்பினும் ஓர் ஈயத்தைத் துளைக்க அவற்றால் ஆகாது. குண்டுப் பீரங்கி அதனைப் பிளக்கும். பிளந்த அளவில் உள்ளிருந்து வெளிப்படுவன யாவை? இரண்டு கறுப்புப் பலூன்கள். அவையோ குண்டுக்கு அஞ்சாதவை! ஈயத்தை வென்ற பீரங்கி இப்போது வாளா நிற்கும். சற்றுமுன் வாளா நின்ற ஈட்டிக் குரங்கே அவற்றை உடைக்கவேண்டும். பீரங்கியின்றி ஈட்டிக்கு வாயில் இல்லை. ஈட்டியின்றிப் பீரங்கியின் வெற்றி நிறைவுறாது. இரண்டு எளிய கோபுரங்களை ஒன்றற்கொன்று இன்றியமையாதனவாகச் செய்தது யாது? அவ்விரு விலக்குக்களே அன்றோ? விலக்கை நீக்கின், இவ்வுறவும் உடன் நீங்கும். பீரங்கி வலிதாயின் ஈட்டியை விற்றுவிடுவோம். ஈட்டி மலிவாயின் பீரங்கியை வாங்கோம்.

இதனின்று சமநிலை என்னும் சொல்லுக்குப் பொருள் காணலாம். சமநிலையாவது எல்லாக் கோபுரங்களும் ஒத்த வலிமை உடையனவாதல் அன்று. ஒவ்வொன்றும் இல்லாதபோது ஏதேனும் ஒரு குறை புலப்படுதலே சமநிலை. விலையையும் வலிமையையும் நிறுவனத்தார் புதுப்பதிப்புக்களில் அவ்வப்போது கூட்டியும் குறைத்தும் திருத்துகின்றனர். அது வேண்டுவதே. எனினும் அத்திருத்தம் உடலின் மேற்பூச்சு; தாக்குறாமையோ எலும்புக்கூடு. எலும்பு செவ்வையாக இல்லாவிடத்து விலைத்திருத்தம் எத்தனை செய்தும் பயன் சிறிதே.

இனி, தாக்குறாமை எவ்வாறாயினும் நன்றே என்று யான் கூறவில்லை. நேரிய தாக்குறாமைக்குச் சில இலக்கணங்கள் உண்டு.

முதலாவது, அது முன்னறிவிப்போடு வரவேண்டும். இவ்விளையாட்டின் வழக்கமான ஆட்டத்தில் 20ஆம் சுற்றிற் கறுப்பும், 22இல் வெள்ளையும், 24இல் மறைவும், 25இல் ஊதாவும், 26இல் வரிக்குதிரையும், 28இல் ஈயமும் முதன்முதல் வருகின்றன. ஒரு பாடத்தின்பின் ஒரு பாடமாக நிறுத்திய முறை போற்றற்குரியது. 24ஆம் சுற்றில் வரும் மறைவுப் பலூன் ஒன்றே ஒன்று, அதுவும் பச்சை. அதனைக் காணாது விட்டவன் இழப்பது 3 உயிர். நடுத்தர நிலையில் ஆடுவோனுக்கு 150 உயிர் உண்டு. ஆகவே அந்த ஒற்றைப் பச்சை பகையன்று, தூதுவன் என்க. இதனை ஒத்த பகை இன்னும் வரும் எனச் சிறிய விலைக்குச் செய்தி கூறிச் செல்கின்றது.

ஆனால் 28ஆம் சுற்றைக் கணக்கிட்டுப் பார்மின். இளஞ்சிவப்பு ஒன்று தப்பினால் 5 உயிர் போகும். கறுப்பினுள் இளஞ்சிவப்பு இரண்டு உள. ஆதலிற் கறுப்புக்கு 11. ஈயத்தினுள் கறுப்பு இரண்டு. ஆதலின் ஈயத்துக்கு 23. அச்சுற்றில் வருவன 6 ஈயங்கள். அனைத்தும் தப்பினாற் போவன 138 உயிர். 150 உயிர் குறையாது வைத்திருந்தவனுக்கு 12 எஞ்சும். 100 உயிரோடு தொடங்கும் கடுநிலையில் ஆடுவோனுக்கு ஆட்டமே முடியும். நான்கு சுற்றுக்களுக்குள் அறியாமையின் விலை 3இலிருந்து 138 ஆயிற்று! மறைவுக்கு ஒரு தூதுவனை விடுத்தவர், ஈயத்துக்கு அங்ஙனம் விடாதது குறையே. ஆறு வருமுன் ஒன்று தனித்து வந்திருப்பின், புதிதாக ஆடப் புகுவோன் அதன் இயல்பை அறிந்து பீரங்கி ஒன்றைத் தேடியிருப்பான். தோற்றவன், "என்னை ஏமாற்றினர்" என்னாது, "யான் கவனியாதிருந்தேன்" என்று கூறத்தக்க தோல்வியே நேரிய தோல்வியாகும்.

இரண்டாவது, தாக்குறாமைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் வேண்டும். இரணியன் பெற்ற வரத்தை எண்ணுக. மனிதராலும் அன்று, விலங்காலும் அன்று; பகலிலும் அன்று, இரவிலும் அன்று என அவன் எத்துணை வாயில்களை அடைத்தும், அந்திப்பொழுது என்னும் வாயில் ஒன்று எஞ்சிற்று. வாயில் இல்லாத வரம் கதையாகாது. வாயில் இல்லாத விலக்கு விளையாட்டும் ஆகாது. ஆனால் வாயில் ஒன்றேயாயின் அதனைக் கண்டபின் ஆராய்ச்சிக்கு இடமில்லை. ஈயத்துக்கு விடை பீரங்கி மட்டும் அன்று. இரசவாதிக் குரங்கு எறியும் அமிலம் அதனைக் கரைக்கும். அதே குரங்கு மேம்பாடு பெற்றால் அருகிலுள்ள குரங்குகளின் படைகளை அமிலத்தில் தோய்த்து, அவையும் ஈயத்தை உடைக்குமாறு செய்யும். மந்திரவாதிக் குரங்கின் நெருப்புருண்டையும் ஈயத்தை உருக்கும். விலையும் இடமும் பயனும் இவற்றுள் வேறு வேறாதலின், ஆடுவோர் பதின்மர் பத்து வகையாக விடையிறுக்கலாம்.

மூன்றாவது, விலக்கை நீக்கும் ஆற்றலும் பகையை அழிக்கும் ஆற்றலும் ஒரு கோபுரத்தின் கையிலேயே முழுதும் குவிதல் ஆகாது. ஈண்டுத்தான் வழக்கு மிக வலுக்கின்றது. குரங்குச் சிற்றூர் என்னும் கட்டடம் ஒன்று உண்டு. அதன் நடுவழியில் மூன்றாம் மேம்பாடாகிய உளவுப் பணியகத்தைப் பெற்றால், அதன் எல்லைக்குள் நிற்கும் குரங்குகள் அனைத்தும் எவ்வகைப் பலூனையும் உடைக்கும் உரிமை பெறும். "விலக்கு யாவும் இதனால் வீணாயின" என்று குறை கூறுவாரும் உளர். யான் அங்ஙனம் கருதவில்லை. அச்சிற்றூர் தானே ஒரு பலூனையும் உடைப்பதன்று. பிறரை நம்பி நிற்பது. அதன் எல்லையோ குறுகியது. அதனுள் வந்து நெருங்கி நிற்கும் குரங்குகள் வழியின் பிற இடங்களை விட்டுவரவேண்டும். மேலும், கோபுரம் ஒவ்வொன்றுக்கும் மேம்பாட்டு வழிகள் மூன்று. வழி ஒன்றுக்குப் படிகள் ஐந்து. ஒரு வழியில் ஐந்து படி வரை ஏறலாம், இரண்டாவதில் இரண்டு படியே, மூன்றாவது அடைபடும். ஆகவே நடுவழியில் மூன்றாம் படி ஏறிய சிற்றூர், மற்ற வழிகளின் உயர்ந்த பயன்களைத் துறக்கின்றது. துறவினால் வந்த உரிமையை யாரும் வெறுத்தல் வேண்டா.

சூப்பர் குரங்கிடத்தும் இவ்வறிவைக் காண்கின்றோம். மிகுந்த விலையுடைய அக்குரங்கு தொடக்கத்தில் எறிவது ஈட்டியே. ஆகவே ஊதாவை உடைக்கும், ஈயத்தை உடைக்காது. பிளாஸ்மா மேம்பாடு பெற்றபின் ஈயத்தை உடைக்கும். ஊதாவை உடைக்கும் ஆற்றலை இழக்கும். ஒரு கதவு திறக்க மற்றொரு கதவு அடைபடுகின்றது. செல்வர் வாங்கும் கோபுரத்துக்கும் ஏழையின் ஈட்டிக் குரங்கு துணை வேண்டும் என்று வைத்தவர் சமநிலையின் நுட்பம் அறிந்தவரே.

இவற்றோடு ஒப்பிட, மறைவுப் பலூன் சிறிது தாழ்ந்ததாகவே எனக்குத் தோன்றுகின்றது. சிற்றூரில் ராடார் வாங்கினால் அதன் எல்லையிலுள்ளார் அனைவர்க்கும் கண் திறக்கும். அதன்பின் மறைவு என ஒன்று இருப்பதையே அவ்விடத்தில் மறந்துவிடலாம். ஈயமும் கறுப்பும் கோபுரங்களை ஒன்றோடொன்று உறவுபடுத்தின. மறைவோ ஒரு சுங்கம் தண்டி வழிவிடுகின்றது. இதனினும் சிறந்த விடை அவ்விளையாட்டிலேயே உண்டு. மந்திரவாதிக் குரங்கு உரிய மேம்பாடு பெற்றால், பலூனின் மறைவையே களைந்துவிடும். நிஞ்ஜாக் குரங்குக்கும் அத்தகைய மேம்பாடு ஒன்று உண்டு. கண் கொடுப்பது ஒன்று. பகையின் போர்வையைப் பறிப்பது மற்றொன்று. போர்வை பறிப்பவன் வழியின் முற்பகுதியில் நிற்கவேண்டும். குருட்டுப் பீரங்கி அவனுக்குப் பின்னே நிற்கவேண்டும். முன்பின் என்னும் இட ஆராய்ச்சி இதனாற் பிறக்கின்றது. இவ்வகை விடைகளைப் பெருக்கி, ராடாரின் விலையை உயர்த்தின் மறைவும் ஈயத்தை ஒத்த சிறப்பை எய்தும் என்பது என் துணிபு.

தாக்குறாமை முழுமையானதாகத்தான் இருக்கவேண்டுமோ எனின், அன்று. உருகுவே நாட்டு அயர்ன்ஹைட் நிறுவனத்தார் 2011இல் வெளியிட்ட கிங்டம் ரஷ் என்னும் விளையாட்டில், கவசம் பூண்ட பகைவன்மேல் வில்லாளர் அம்பு பட்டால் அதன் வலிமை ஒரு பங்கு குறையுமேயன்றி முற்றும் அழியாது. மந்திரவாதியின் படையைக் கவசம் தடுக்காது. அதற்கு மறுதலையாக, மந்திரத்தை எதிர்க்கும் பகைவரும் அங்கு உளர். இது மென்மையான முறை. தவறான கோபுரத்தைப் பெரும்பொருள் செலவிட்டுப் பெருக்கியவனும் ஒருவாறு பிழைப்பான். ஆயினும் அவ்விளையாட்டிலும் பறந்து வரும் பகையைத் தரைவீரரும் பீரங்கியும் பெரும்பாலும் தீண்டுதல் இயலாது. இரக்கம் உள்ள ஆசிரியனும் ஒரோவழிக் கண்டிப்பாக இருத்தல் வேண்டும் என்பதை அவர்களும் உணர்ந்தனர் போலும்.

புளூன்ஸ் விளையாட்டின் 90ஆம் சுற்றில் டிடிடி என்னும் ஊர்தி முதன்முதல் தோன்றுகின்றது. அது கறுப்பின் விலக்கும், ஈயத்தின் விலக்கும், மறைவும் ஒருங்கே உடையது. 400 அடி தாங்குவது. விரைந்து ஓடுவது. பலர் இதனைக் கொடுமை என்பர். யான் இதனைச் செவ்விய தேர்வு என்பேன். இதன்கட் புதிய விலக்கு ஒன்றேனும் இல்லை. 20, 24, 28 ஆம் சுற்றுக்களிற் கற்ற மூன்று பாடங்களே ஒரு வினாவாக வருகின்றன. ஈட்டியும் பீரங்கியும் தனித்தனி நின்று இதன்முன் செயலறும்; இரசவாதியின் அமிலமும் சிற்றூரின் உளவும் துணை நின்றால் அவையே எழுந்து போர் செய்யும். பழைய பாடத்தைக் கூட்டிக் கேட்பது கொடுமையன்று. கற்பியாததைக் கேட்பதே கொடுமை.

இறுதியாக ஒன்று. இக்காலத்து விளையாட்டுக்கள் பலவற்றில் உண்மைப் பணம் கொடுத்து வாங்கும் துணைகள் உண்டு; புளூன்ஸும் அதற்கு விலக்கன்று. தாக்குறாமைக்கு விடை ஆடுவோன் அறிவில் இல்லாது அவன் தந்தையின் பணப்பையில் இருக்குமாயின், அந்நொடியே அது விளையாட்டின் நீதியை இழந்து வாணிகமாகிவிடும். பின்னர்க் கடினமான விலக்கு எதனைக் கண்டாலும், "இது என் அறிவைச் சோதிக்கவோ, என் காசைப் பறிக்கவோ?" என்னும் ஐயம் எழும். இவ்வையத்தைக் களைதற்குச் சிம்ப்ஸ் என்னும் ஆட்டமுறை அவ்விளையாட்டில் அமைந்திருத்தல் மகிழ்ச்சிக்குரியது. அது 6ஆம் சுற்றில் தொடங்கி 100ஆம் சுற்றில் முடிவது. தோற்றபின் தொடர்தல் இல்லை. ஓருயிரும் இழத்தல் இல்லை. பலூன் உடைத்தலானும் சுற்று முடித்தலானும் வருவதன்றி வேறு வருவாய் இல்லை. முன்னர்ச் சேர்த்த சலுகைகள் இல்லை. வாங்கிய துணைகள் இல்லை. நிறுவிய கோபுரத்தை விற்றலும் இல்லை. செல்வனும் வறியனும் அங்கு ஒரே நிலத்தில் நிற்கின்றனர். ஒரு கோபுரம் சமநிலை உடையதோ அன்றோ என வழக்கிடுவார் அவ்வாட்டத்தைச் சான்றாகக் கொண்டு பேசுக. கடையில் வாங்கிய துணையோடு வென்ற வெற்றியைச் சான்றாகக் காட்டற்க.

ஆகவே, தாக்குறாமையை ஒழிக்கவும் வேண்டா. எல்லாக் கோபுரத்தையும் எல்லாம் வல்லனவாக்கவும் வேண்டா. விலக்கு முன்னறிவிப்போடு வருக. அதற்கு விடை பலவாகுக. விடை காசுக்கு விலைப்படாதிருக்க. இம்மூன்றும் அமைந்தவிடத்து, 100ஆம் சுற்றிலும் ஒரு சிறிய ஈட்டிக் குரங்குக்கு வேலை இருக்கும். அதற்கு வேலை உள்ள வரையில் அவ்விளையாட்டு வாழும்.